சந்தாபுராவில் கிடைத்த சித்தப்பா

எங்கள் சித்தப்பா சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பியபோது முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அவரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்ததும் நான்தான். அதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

சித்தப்பாவுக்குக் கூரியர் கம்பெனி ஒன்றில் சைக்கிளில் போய்க் கவர் கொடுக்கும் வேலை. நீலசந்திராவில் எங்கள் வீட்டுச் சுவரில் உலகப் படம் ஒன்றை ஒட்டி, அதன்மேல் சிவப்புப் பேனாவால் ஐந்து வருஷத்துப் பாதையைப் போட்டிருந்தார். இரண்டு வருஷம் தயாரானார். எண்ணெய் டின்களை வெட்டிக் கேரியருக்கு இரண்டு பக்கமும் பெட்டி செய்தார். அதில் நீல பெயிண்டில் நான் ஒரு உருண்டை வரைந்தேன், அது உலகம். கண்ணைக் கட்டிக்கொண்டு பஞ்சர் ஒட்டிப் பழகுவார், கடிகாரம் பார்ப்பது என் வேலை. நாக்கைப் பழக்குகிறேன் என்று காரத்தையும் விட்டார். "போற எடத்துல ரசம் யாரு வெச்சிக் குடுப்பா, அண்ணி?" என்று அம்மாவின் கரண்டியைக் கையால் மறைத்துவிட்டு வெறும் ரொட்டியைத் தின்பார். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

தெரு இளைஞர் சங்கம் வழியனுப்பு விழாவுக்கு நாள் குறித்து, பேனர் எழுதி, கவுன்சிலரையும் கூப்பிட்டுவிட்டது. முதல் நாட்டின் விசா மட்டும் வரவில்லை. அது சித்தப்பாவுக்கும் சங்கத் தலைவருக்கும் மட்டுமே தெரியும். "பத்து நாள்ல வந்துடும்பா, நீ கெளம்பு. கவுன்சிலர் டேட் திரும்பக் கெடைக்காது" என்றாராம் தலைவர். தப்பட்டை அடித்து, மாலை போட்டு, ஆரத்தி சுற்றி அனுப்பினோம். எலுமிச்சம்பழம் நன்றாக நசுங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மளிகைக் கடைக்கு போன் வந்தது. பம்பாயில் கப்பலுக்குக் காத்திருப்பதாக அப்பாவிடம் சொன்னார். நான் ரிசீவரைப் பிடுங்கி, கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பெருசா இருக்குது பாப்பா" என்றார்.

அதற்கு மூன்று மாதம் கழித்து, ஓசூரில் ஒரு காதுகுத்துக்காகக் குடும்பத்தோடு பஸ்ஸில் போனோம். வீட்டிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், சந்தாபுராவில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு நேரே ஒரு சைக்கிள் கடை. அங்கே என் நீல உருண்டை நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் தாடிக்காரர் ஒருவர் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். விரலை உதட்டில் வைத்து, வேண்டாம் என்று மெதுவாகத் தலையாட்டினார்.

நான் பஸ் முழுக்கக் கேட்கும்படி "சித்தப்பா" என்று கத்தினேன்.

அப்பா அவரைத் திட்டவில்லை. காதுகுத்தை விட்டுவிட்டு, திரும்பும் பஸ்ஸின் மேல் அந்தச் சைக்கிளைக் கட்டச் சொன்னார். தெரு ஒரு மாதம் சிரித்தது. 'சந்தாபுரா ரிட்டர்ன்' என்ற பெயர் சித்தப்பாவை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

இருபதாம் நாள் அந்தச் சைக்கிள் கடைக்காரர், தன் கடை விலாசத்துக்குச் சித்தப்பா பெயரில் வந்த ஒரு கடிதத்தோடு எங்கள் வீட்டைத் தேடி வந்தார். விசா தருகிறோம், பாஸ்போர்ட்டை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. அப்பாவே போகச் சொன்னார்.

"இன்னொரு தபா எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கெளம்பறதுண்ணா" என்று சித்தப்பா கடிதத்தை உலகப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். மறுநாளே கூரியர் வேலைக்குப் போனார். டின் பெட்டிகளில் அம்மா ராகி மாவு போட்டுவைத்தாள்.

இன்னும் இருபது நாள் அவர் அங்கே மறைந்திருந்தால் போதும், போயிருப்பார். இதற்காக அவரிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கும் வயது எனக்கு வந்தபோது கேட்க அவர் இல்லை.

அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பிய அன்றைக்கோ எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் நான் சொன்னதைக் கேட்ட முன்சீட்டு அம்மாள், "தொலைஞ்சவர கண்டுபுடிச்சிட்டியே, கெட்டிக்காரப் பொண்ணு" என்று கன்னத்தைக் கிள்ளி, மிளகாய்த்தூள் தடவிய வெள்ளரிக்காய் வாங்கிக் கொடுத்தாள். பாதியை ஒடித்துச் சித்தப்பாவிடம் நீட்டினேன். மறுக்காமல் வாங்கிக் கடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பாவம், காரம் பழக்கம் விட்டுப்போய்விட்டது என்று நினைத்து, என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.