அளாப்பியின் ஞாபகார்த்தக் கிண்ணம்

எங்கள் ஒழுங்கையில் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டோ ஓடாது. கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அன்று காலையிலேயே ஒழுங்கை வாயிலில் ஒரு வாங்கைக் குறுக்கே போட்டு வழியை மறித்துவிட்டு, மென்பந்துக் கிரிக்கெட் ஆட ஆரம்பித்துவிடுவார்கள். எதிர்வீட்டுச் சிங்கள அன்ட்டியின் ஒரே மகனுடைய ஞாபகார்த்தக் கிண்ணம் அது. ஆமியில் சேர்ந்து, போரின் கடைசி வருடங்களில் வடக்கே இறந்துபோனவன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். தங்கச்சி என்று சொல்லாமல், சிங்களத்தில் நங்கி என்றுதான் என்னைக் கூப்பிடுவான்.

பதாகையில் அவன் படத்துக்குக் கீழே வீரன் என்று போட்டிருக்கும். இருக்கலாம், போர்க்களத்தில் அவனை நான் பார்த்ததில்லை. ஒழுங்கையில் பார்த்திருக்கிறேன். சுத்த அளாப்பி. ஏமாற்றாமல், அளாப்பாமல் ஒரு ஆட்டம் ஆடியதில்லை. துடுப்பைப் பிடிக்கவே தெரியாது, ஆனால் அவுட் என்று ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. விக்கெட் விழுந்த அந்த நிமிடமே ஒரு புதுச் சட்டம் பிறக்கும். முதல் பந்து கணக்கில்லை என்பான். பந்து கரண்ட் வயரில் பட்டால் அவுட் இல்லை என்பான். கண்ணுக்குள் வெயில் அடித்தாலும் அவுட் இல்லையாம். அதே வெயில் எனக்கு அடித்தால் மட்டும் செல்லாது. துடுப்பு அவனுடையது, அதனால் சட்டமும் அவனுடையது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அவன் போன மறுவருடம் கிண்ணத்தைத் தொடங்கியபோது, எந்தச் சட்டப்படி ஆடுவது என்று பெடியன்கள் கேட்டார்கள். அவனுடைய சட்டப்படிதான் என்று அன்ட்டி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மத்தியஸ்தராக நிற்கும் ஹாட்வெயார் கடை நாநா, ஆட்டம் தொடங்கமுன் ஒலிபெருக்கியில் எல்லாச் சட்டங்களையும் சொல்லுவார். வயர், வெயில் எல்லாம் வரும். மருதானையிலிருந்தும் முகத்துவாரத்திலிருந்தும் வருகிற அணிகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நாங்கள் மட்டும் சிரிக்காமல் நிற்போம். கடைசியாக வருகிற சட்டம் ஒன்றுதான் அவனுக்கே பாதகமானது. பந்து அவன் வீட்டு முற்றத்தில் விழுந்தால் அடித்தவன் அவுட். உள்ளே போன பந்தை அன்ட்டி திருப்பித் தரமாட்டார், அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்துவிடுவார். அதனால் வந்த சட்டம்.

பிறகு ஒரு நிமிட மௌனம். முதல் வருடம் யாரோ ஒரு அதிகாரி வந்து தாய்நாடு, தியாகம் என்று பேசிவிட்டுப் போனார். எங்களில் பலர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுத்த வருடம் அன்ட்டியே ஒலிவாங்கியை வாங்கி, தன் தமிழில், “சண்டையில போன எல்லாப் பிள்ளைகளுக்கும்” என்றார். அவ்வளவுதான், இன்றுவரை அந்த ஒரு வசனம்தான். அந்த நிமிடத்தில் நான் இரண்டு பேரை நினைப்பேன். ஒருவன் இவன். மற்றவன் வன்னியில் மறுபக்கத்தில் நின்று செத்த என் சின்னம்மாவின் மகன். அவனுக்குக் கிண்ணம் வைக்க எங்களால் முடியவில்லை. மனம் கனக்கும். பிறகு நாநா விசிலை ஊதுவார், முதல் பந்திலேயே ஒருவன் அவுட் ஆகி, கணக்கில்லை என்று துள்ளுவான், எல்லாம் சரியாகிவிடும்.

வெல்லுகிற அணிக்கு அன்ட்டி தன் கையால் கிண்ணத்தைக் கொடுப்பார். ஒரு வருடம் அது அவர்களிடம் இருக்கும். எங்கள் ஒழுங்கை ஒருமுறையாவது வென்றதில்லை. தோற்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. இந்த வருடம் ஆட்டத்துக்கு முதல் நாள் மாலை, இருவருமாகப் பற்றிசுக்கு மா குழைத்துக்கொண்டிருக்கும்போது அன்ட்டி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

“ஒரு வருஷம் சரி அது இங்க அவன்ட படத்துக்குப் பக்கத்துல இருந்தா நல்லம். எனக்கும் வயசு போகுதுதானே. நீ ஒருத்தருக்கும் சொல்லிராத.”

கிண்ணம் கொடுக்கிற பிரதம விருந்தினர் ஒரு பக்கம் சாயக்கூடாது என்பது அவருடைய கவலை. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் இரவு முழுக்க அதே நினைப்பு.

அதிசயமாக எங்கள் பெடியன்கள் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டார்கள். எதிரே முகத்துவாரம். புள்ளி எழுதுவது எப்போதும் நான்தான். கடைசி விக்கெட், கடைசிப் பந்து, இரண்டு ஓட்டம் வேண்டும். துடுப்போடு நின்றது எங்கள் ஓட்டோக்காரத் தம்பி. வயிறு முன்னே வர அவன் பின்னே வருவான். கண்ணை மூடிக்கொண்டு ஒரே வீச்சு. பந்து வானத்துக்குப் போய், நேரே அன்ட்டி வீட்டு முற்றத்தை நோக்கி இறங்கியது. விழுந்தால் அவுட், கிண்ணம் முகத்துவாரத்துக்கு.

அன்ட்டி முற்றத்தில்தான் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டிய மனுஷி, முழங்கால் வலிக்காரி. எழுந்தார். மடித்துவைத்த குடையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு போடு போட்டார். பந்து மதிலைத் தாண்டித் திரும்பவும் ஒழுங்கையில் வந்து விழுந்தது. ஓட்டோக்காரத் தம்பி இரண்டு ஓட்டமும் ஓடி முடித்தான்.

ஒழுங்கையே இரண்டுபட்டது. நாநா தலையைச் சொறிந்தார். அம்மா குடையால் அடித்தால் என்ன என்று அவன் சட்டம் எதிலும் இல்லை. அவனோடு சின்ன வயதில் ஆடியவர்களில் இன்னும் ஒழுங்கையில் இருப்பது நான் ஒருத்திதான் என்பதால், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அம்மா அடிச்சா அது ரன்தான். சட்டம் இருக்கு” என்றேன்.

முகத்துவாரத்துக் கப்டன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அது எப்போது போட்ட சட்டம் என்று கேட்டான்.

“இப்பத்தான். அவனும் இப்பிடித்தான் போடுறவன்.”

கப்டன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். அன்ட்டி குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல முகத்துவாரம் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சரி விடுங்க, அம்மா எடுத்த ரன்ன நாங்க எப்பிடி இல்லங்கிற” என்று சொல்லிவிட்டு, ஓட்டோக்காரத் தம்பியின் வயிற்றில் செல்லமாக ஒரு குத்துக் குத்தினான்.

கிண்ணத்தைக் கொடுத்து, பற்றிஸ் தட்டுகள் எல்லாம் காலியான பிறகு, ஓட்டோக்காரத் தம்பி கிண்ணத்தை அன்ட்டி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். நான் யாருக்கும் சொல்லவில்லை, சத்தியமாக. தட்டுகளை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனபோது அன்ட்டி அலுமாரிக்கு முன்னால் நின்றார். வருடா வருடம் இந்த நேரத்தில் அழுவார், நான் கோப்பை கழுவுவது போல நின்றுவிடுவேன். அன்று படத்துக்குப் பக்கத்தில் கிண்ணத்தை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டு, ஒரு கையால் வாயைப் பொத்தியபடி, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அளாப்பித்தான் வென்டது, மகன்” என்றார் படத்தைப் பார்த்து. “உன்ன மாதிரியே.”