வெடி கேட்டால் நிற்காத கரியா

போஜம்மா அந்த மாதத்தில் மூன்றாவது முறையாக வேலிக்கடியில் நாய் தோண்டிய பள்ளத்தில் கல் போட்டு மண்ணை மிதித்தாள். முப்பது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளாமல், அண்ணன் தம்மய்யாவோடு குடகிலுள்ள பூர்விக வீட்டிலேயே இருந்துவிட்டாள். நாயைக் கொண்டுவந்தது அண்ணன். அதன் பின்னால் அலைவது அவள்.

கரியா சும்மா ஓடாது. அது வளர்ந்தது ஒரு வேட்டைக்காரர் வீட்டில். அவர் இறந்த பிறகும், துப்பாக்கி வெடித்தால் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றே நம்பியது. அந்த நம்பிக்கையைத் திருத்த எந்தப் பாடமும் அவளிடம் இல்லை. முன்பெல்லாம் மாலைக்குள் முள்ளும் சேறுமாகத் திரும்பிவிடும். இப்போது காப்பித் தோட்டத்தில் சிறுத்தை இறங்கியிருந்தது. பதினைந்து நாளில் இரண்டு வீட்டு நாய்களைக் காணோம்.

வேலிக்கு அப்பால் நின்று பக்கத்து வயல் செங்கப்பா கேட்டான்: "டீச்சரே, நாய்க்கு வேலி போடறீங்களா, சிறுத்தைக்குப் பந்தி போடறீங்களா?"

"நீ வயல்ல வெடிக்காம இருந்தா எனக்கு எதுக்குப்பா இந்த வேலை?"

"குரங்குங்ககிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. பாதி உங்ககிட்ட படிச்சதுதானே."

கேலி செய்தாலும், சுடுவதற்கு முன் போன் செய்வதாக ஒப்புக்கொண்டான். சுற்றியிருந்த ஏழு வீட்டாரிடமும் அவள் அதே வாக்கை வாங்கினாள். போன் வரும், கரியாவைச் சாமான் அறையில் அடைப்பாள். பத்து நாள் நன்றாகவே போனது.

சனிக்கிழமை பிற்பகல் மைசூரு ஆஸ்பத்திரியிலிருந்து தம்மய்யாவின் மகன் பேசினான். ஆண் குழந்தை. போஜம்மா பாயசத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வெடித்தது. ஊர்த் துப்பாக்கிகளுக்கெல்லாம் சொல்லிவைத்தவள், தன் வீட்டுச் சுவரில் தொங்கியதை மறந்திருந்தாள்.

ஓடி வந்து பார்த்தபோது அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். கரியா வேலியைத் தாண்டியிருந்தது.

"யோசிக்கவே இல்ல போஜி. பையன் பொறந்தா ஒரு வெடி போடணும்னு கை தானாப் போயிடுச்சு." பிறகு மெதுவாக, "இன்னொண்ணு போடட்டுமா? சத்தத்துக்குத் திரும்பி வந்துடும்."

"ரெண்டு வெடின்னா என்னண்ணா அர்த்தம்?"

அவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார். இரண்டு வெடி கேட்டால் வீட்டில் சாவு என்று ஊரே வந்து நிற்கும். குழந்தை பிறந்த நாளில் அதை யார் சுடுவது?

தம்மய்யாவும் செங்கப்பாவும் தடியோடு நாயைத் தேடித் தோட்டத்து மேட்டுக்குப் போனார்கள். கூடப் போகக் கிளம்பியவளை, ஒற்றை வெடி கேட்டு வந்த முதல் வண்டி நிறுத்தியது. பிறகு வண்டிகள் வந்தபடியே இருந்தன. ஒவ்வொருவரிடமும் பாயசத்தை நீட்டி, "வழியில கறுப்பு நாய் ஒண்ணைப் பாத்தீங்களா?" என்றாள்.

"நாயை விடு அக்கா, குழந்தை யாரு சாயல்?"

பொழுது சாய்ந்தது. தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரைப்பு வந்தது. திரும்பவும் வந்தது.

"அதோ, உங்க நாய்தான்," என்றாள் மைசூருவிலிருந்து புதிதாக மருமகளாக வந்த ஒருத்தி, சந்தோஷமாக.

மற்றவர்கள் தோட்டத்துப் பக்கம் திரும்பினார்கள். போஜம்மா கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டாள்.

"இல்லம்மா," என்றாள். "அது கேளையாடு, ஒரு மான் ஜாதி. சிறுத்தையைக் கண்டா நாய் மாதிரி அப்படித்தான் குரைக்கும்."