சாக்கு மறைத்த கண்ணாடி ஜன்னல்

கவுஞ்சி மலைக்கிராமத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்த விவசாயி ஒருவர், ஒல்லியான ஆள். கழுத்து வரை கம்பளி சுற்றியிருப்பார். கொடைக்கானலில் ஒரு துரை பங்களாவை விற்றுவிட்டுப் போனபோது, அதிலிருந்த கண்ணாடி ஜன்னல் ஒன்றை வாங்கி வந்து, தன் மண்வீட்டில் வைத்துத்தரச் சொன்னார். தச்சுவேலைக்குத்தான் நான் புதுசு, வாய்த்துடுக்குக்கு இல்லை.

"துரை ஜன்னல் வச்சாச்சு, கோட்டும் தச்சிருங்க" என்றேன்.

"வீட்டுக்காரி எந்திரிக்க முடியாம கெடக்கா தம்பி. பலகை ஜன்னலத் தெறந்தா குளிருல இருமுறா, சாத்தினா இருட்டு. நான் கீழ கிழங்குக்காட்டுல நிக்கிறது தெரிஞ்சா தைரியமா இருப்பா."

"போறவன் வாறவனெல்லாம் உள்ள பாப்பானேங்க?"

"பாத்துட்டுப் போறான்" என்றார். உள்ளே கட்டிலில் அந்தம்மா சிரித்தார்.

ஜன்னல் வைத்த அன்றே, காட்டுக்கு இறங்குமுன் வெளியிலிருந்து கண்ணாடியை விரலால் தட்டினார். அந்தம்மா கட்டில் சட்டத்தைத் தட்டிப் பதில் கொடுத்தார். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் என்று பின்னால் ஊரில் சொன்னார்கள்.

மழைக்காலம் முடிந்து அந்தப் பக்கம் போனேன். ஜன்னலுக்கு வெளியே சாக்கு தொங்கியது.

"என்னங்க, துரைக்குக் குளிருதா?" என்றேன்.

"அவ போயிட்டா தம்பி. காட்டுல இருந்து ஏறி வந்தா மொதல்ல வெறுங்கட்டில்தான் தெரியுது."

"கழட்டிட்டுப் பலகையே வச்சுரவாங்க?"

"வேணாம். அவ பாத்த ஜன்னலு."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். சாக்கின் மேல் விரலால் தட்டினார். சத்தமே வரவில்லை. ஆனாலும், பதில் வரட்டும் என்பதுபோலச் சற்று நின்றுவிட்டுத்தான் இறங்கினார்.