எதிராளி யாரென்று கேட்காத மச்சான்

தாமிரபரணி பொதிகை மலையிலிருந்து இறங்கி வருவதே சேக் முகம்மது கை கழுவத்தான். அவர் ஒரு குத்து விட்டால் ஸ்ரீவைகுண்டம் அணையின் மதகு தானாகத் திறந்துகொள்ளும். இரண்டாவது குத்துக்கு ஏரல் பாலம் நகர்ந்து கொஞ்சம் தள்ளி உட்காரும். மூன்றாவது குத்தை அவர் இதுவரை விட்டதில்லை, உலகம் நாளைக்கும் வேண்டுமே என்கிற இரக்கம்தான். எமனே எதிரில் வந்து நின்றாலும், 'கையுறை மாட்டிக்கிட்டு வாரும் வே' என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார். எலும்பை எண்ணி எண்ணி உடைப்பார், எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து தொடங்குவார்.

இவ்வளவும் நான் எழுதியது. வாழை மண்டி குமரகுருபரன் அண்ணாச்சி குத்துச்சண்டைக்கு அடித்த மஞ்சள் நோட்டீஸில் அப்படியே வந்தது. மதகு சமாசாரத்தை மட்டும், அணைக்கட்டு ஆபீஸ்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று எடுத்துவிட்டார். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கீழே தள்ளிய பிறகு எனக்கு மிஞ்சியது தமிழ் ஒன்றுதான். "பொய்யக்கூட அளவாச் சொல்லத் தெரியல, நீ எப்படிலே கணக்குல பாஸாவ?" என்று கேட்டுவிட்டுத்தான் அண்ணாச்சி அதை அச்சகத்துக்குக் கொடுத்தார்.

உள்ளதைச் சொல்வதானால், சேக் முகம்மது என்னுடைய மச்சான். என் அக்கா அலிமா பீவியின் வீட்டுக்காரர். ஸ்ரீவைகுண்டம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார். நெட்டையான, ஒடிசலான ஆள். காற்றடிக்கும் பம்பையும் அவரையும் பக்கத்தில் நிறுத்தினால் பம்பு கொஞ்சம் திடமாகத் தெரியும். காசுக்குக் குத்துச்சண்டை போடுகிற தொழில்முறை வீரர் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். இதுவரை ஒரு சண்டையிலும் ஜெயித்ததில்லை. ஒரு சண்டையிலும் கீழே விழுந்ததும் இல்லை. அடி வாங்கி முடித்ததும் எதிராளியின் கையைப் பிடித்து, "நல்லாருக்கியளா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்.

சவூதியில், தம்மாமில் ஐஸ் பாக்டரி வேலைக்குப் போனவர் அங்கே இதைக் கற்றுக்கொண்டு வந்தார். மற்றவர்கள் டேப் ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்தார்கள். இவர் கோணிப்போன மூக்கைக் கொண்டுவந்தார். தொழிலாளர் கேம்பில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் வெள்ளிக்கிழமை தோறும் கையுறை மாட்டுவார்களாம். ஒருவனுக்கு எதிராளி கிடைக்காவிட்டால், சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மச்சான் எழுந்து போவாராம்.

"உமக்கு அங்கன என்ன வேலை மச்சான்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எதிராளி கிடைக்காம நிக்கவன் மூஞ்சிய நீ பாத்திருக்கியாலே? கல்யாண வீட்டுப் பந்தியில இலை கிடைக்காதவன் மாதிரி இருக்கும். பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாது."

ஊர் இதைத்தான் வீரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

அண்ணாச்சி வீட்டுக்குக் கேபிள் டிவி வந்த வருசம், வெளிநாட்டுக்காரர்கள் ஒருவர் மூக்கை ஒருவர் உடைப்பதை விடிய விடியப் பார்த்தார். பார்த்துவிட்டு, இதை நம் ஊரிலும் நடத்தலாமே என்று கிளம்பினார். மண்டிக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் மேடை கட்டினார். வாழைக்கு முட்டுக் கொடுக்கும் கம்புகள் நாலு மூலைக்கு, லாரியில் பாரம் கட்டும் கயிறு சுற்றிலும். தரைக்கு வாழைச் சருகைப் பரப்பி மேலே தார்ப்பாய். மச்சான் அதில் ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். சண்டை முடிந்த மறுநாள் டீக்கடையில், வாழ்நாளில் கொசுவைத் தவிர வேறு யாரையும் அடிக்காத பெரியமனுசர்கள் கூடி, "சேக்கு இடது கைய இன்னும் கொஞ்சம் மேல தூக்கியிருக்கணும் வே" என்று தீர்ப்புச் சொல்வார்கள்.

மச்சான் எதிராளி யாரென்று கேட்கவே மாட்டார். அண்ணாச்சி ஆள் அனுப்புவார். "சரின்னு சொல்லு" என்பார் மச்சான், பஞ்சர் ஒட்டிக்கொண்டே.

இந்தத் தடவை வந்த பெயர் வன்னியராஜ். தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவனோடு மோத மதுரை ஆள் மாட்டேன் என்றான், நாகர்கோவில் ஆள் ஊரிலேயே இல்லை என்று வீட்டில் சொல்லச் சொன்னான். மச்சான் சரி என்றார்.

அன்றைக்கு லாத்தா (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அழவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"பாளையங்கோட்டையில டாக்டர் பாத்துட்டாரு. மச்சானுக்கு இடது கண்ணு மறைக்கி. நிழல் மாதிரிதான் தெரியுதாம். அங்கன இன்னொரு குத்து விழுந்தா உள்ளதும் போயிரும்னு சொல்லிட்டாரு. யார்ட்டயும் சொல்லாத."

"போவாதீரும்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். வாக்குக் கொடுத்தாச்சுங்காரு. எத்தனையோ பேருக்கு நீ கிறுக்குத்தனம் பண்ணியிருக்க. எனக்காக ஒண்ணு பண்ண மாட்டியாலே?"

என் திறமையை என் குடும்பத்தில் ஒருவர் மதித்தது அதுதான் முதல் தடவை.

சண்டைக்கு நடுவர், ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார் சிவசைலம் சார். சட்டம் என்றால் சட்டம். இரண்டு பேருக்கும் எடை வித்தியாசம் ஐந்து கிலோவுக்கு மேல் போகக்கூடாது, போனால் சண்டை இல்லை என்று சொல்லிவிட்டார். எடை போட மண்டித் தராசு. தரையில் கிடக்கும் பலகை மேல் வாழைத்தாரை அடுக்கிவிட்டு, முன்பக்கம் உள்ள கம்பியில் குண்டை நகர்த்தி எடை பார்க்கிற பெரிய தராசு.

சண்டையன்று மண்டிக்குள் முதலில் மச்சான் ஏறினார். அறுபத்தெட்டு. இறங்கிப் போய்ச் சுவரோரம் நின்றார்.

வன்னியராஜ் ஏறினான். பலகை முனகியது. எழுபத்தைந்து.

"ரெண்டு கிலோ கூடுது" என்றார் சார்.

"எங்க கூடுது? கழிவு போட வேண்டாமா?" என்றார் அண்ணாச்சி. அவர் மண்டியில் எந்தத் தார் ஏறினாலும் தண்டுக்கு இவ்வளவு என்று எடையில் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தை எழுதுவார்கள். அந்தப் பழக்கத்தில் மனுசனையும் தார் என்றே நினைத்துவிட்டார். "சட்டை, வேட்டி, இடுப்பு வாரு. ரெண்டு கிலோ கழிவு. சரியாப் போச்சு."

"அதெல்லாம் ஆகாது. உடுப்பக் கழத்திட்டு ஏறட்டும்."

அவ்வளவு பெரிய உடம்புக்குள் அவ்வளவு கூச்சம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஒரு மறைப்பு இருந்தால்தான் கழற்றுவேன் என்றான் வன்னியராஜ். நான் ஓடிப்போய் ஒரு கைலிச் சாரத்தை விரித்து அவன் முதுகுக்குப் பின்னால் திரைபோலப் பிடித்தேன். சாரும் அண்ணாச்சியும் முன்னால் கம்பியைப் பார்க்கிறார்கள். மச்சானுக்கு நான் இடப்பக்கம். சாரத்துக்கு அடியில் என் வலது கால் பைய பலகை மேல் ஏறியது.

"எழுபத்தொம்பது" என்றார் சார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உடுப்பக் கழத்தினா எடை கூடுமா?"

அண்ணாச்சி அசரவில்லை. "மீசைக்கு அரை கிலோ கழியும் சார்."

"மீசை அரை கிலோவா வே?"

"ஈர மீசை. பொறவு, காலையில இட்டிலி தின்னிருப்பான். அது ஓட்டல்காரன் எடை. அதுல ஒரு கிலோ."

நான் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். எண்பத்திரண்டு.

"தாருக்குத் தண்டு கழிக்கோம்லா? இவனுக்கு முதுகுத் தண்டு இருக்குல்லா? அதுல ஒரு..."

"முதுகெலும்பக் கழிச்சிட்டு அவன் எப்படிய்யா நிப்பான்?" என்று கத்தினார் சார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் வன்னியராஜ் தலையைத் திருப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தான். "தம்பி, கால எடுத்துராத. நோட்டீஸப் படிச்சேன். எலும்ப எண்ணி எண்ணி உடைப்பாராமே?"

எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? இன்னும் அழுத்தினேன். எண்பத்தைந்து.

அண்ணாச்சியிடம் கழிக்க இனி உறுப்பு இல்லை. மச்சான் பக்கம் திரும்பினார். "வே சேக்கு, எதிராளி யாராயிருந்தாலும் சரிம்பீருல்லா? ஒரு வார்த்தை சொல்லும். ரெண்டு பேருக்கும் சம்மதம்னா சார் என்ன சொல்ல முடியும்? வெளிய சனம் உக்காந்திருக்கு."

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அந்த ஒரு வார்த்தையை அவர் யோசித்துச் சொல்லி நான் பார்த்ததில்லை. மூச்சு விடுவது போல வரும். நான் சாரத்துக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சார் சொன்னா சரிதான் அண்ணாச்சி" என்றார் மச்சான். "சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு வெளியே போய் மைக்கைப் பிடித்தார். சேக் முகம்மதுவின் பெயரைக் கேட்டதுமே தூத்துக்குடிப் புலி பயத்தில் பத்துக் கிலோ வீங்கிவிட்டது என்றும், ஆகவே ஸ்ரீவைகுண்டம் வென்றது என்றும் அறிவித்தார். சனம் விசிலடித்தது. உள்ளே புலி என் தோளைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக வேட்டி கட்டிக்கொண்டிருந்தது. மச்சான் அவனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு வாங்கிக்கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் நான் கடைக்குப் போனபோது ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே அலி அஸ்கர், தராசு எடை எப்படிலே அப்படி ஏறுச்சு?"

"மண்டித் தராச எவனாவது நம்புவானா மச்சான்? பழசு. துருப் புடிச்சது."

"எனக்கு மட்டும் சரியாக் காட்டுச்சே."

"நீரு ஒல்லி. துருவுக்கே இரக்கம் வந்திருக்கும்."

"சாரத்துக்கு அடியில ஒரு காலு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

"உமக்கு எப்படித் தெரியும்? நான் இடப்பக்கம்லா நின்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. மச்சான் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"இடப்பக்கம் நின்னா எனக்குத் தெரியாதுன்னு உங்க லாத்தா சொன்னாளாக்கும்? கழுத்து திரும்பும்லா?"

"சும்மா விளாட்டுக்குச் செஞ்சேன் மச்சான். வேற ஒண்ணும் இல்ல. அண்ணாச்சி இன்னும் என்னத்தையெல்லாம் கழிக்காருன்னு பாக்கலாமேன்னு."

"விளாட்டுக்கா?"

"அல்லா சத்தியமா."

"விளாட்டுக்குன்னா உன் காலு ஏம்லே அந்த நடுங்கு நடுங்குச்சு? கம்பி ஆடினதப் பாத்துத்தானே நான் திரும்பினேன்."