ரஃபீக் என் அப்பாவை அழைத்து வந்த வியாழக்கிழமை

"அக்டோபர், மூன்றாம் வெள்ளி. விடியும்வரை மழை. அப்பா காப்பி குடித்த டம்ளர் மேஜைமேல் இருக்கிறது. குடை இருக்கிறது. செருப்பு இல்லை. அப்பா இல்லை."

அன்று என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் எழுதினேன். பள்ளி நாட்களிலிருந்து தினமும் எழுதுகிறவள் நான். நம் சபையின் பழைய ஆண்டறிக்கைகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்தவள் என்று உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். அதற்குப் பின் வந்த நாட்களில் தேதியை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடியிருக்கிறேன்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவர். சில வருடங்களாக மறதி நோய். முதலில் என் பெயரை மறந்தார். அம்மா இறந்ததை மறந்தார். கடைசியில் தமிழையே மறக்கத் தொடங்கினார். அவர் ரங்கூனில் பிறந்தவர். அறுபதுகளில் பர்மாவிலிருந்து தமிழர்கள் கப்பல் கப்பலாக வந்தபோது, தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய சிறுவன். சின்ன வயதில் தெருவில் விளையாடிப் பழகிய பர்மியப் பேச்சு, முதுமையில் நாக்குக்குத் திரும்பி வந்தது. சோற்றைத் 'தமீன்' என்றார். மாலையானால் வாசலில் நின்று, 'எய்ன் ப்யன் மே' என்பார். வீட்டுக்குத் திரும்பப் போகிறேன் என்று பொருள். இதுதான்பா வீடு என்று நான் சொன்னால், தெரியாத பெண்ணிடம் சிரிப்பதுபோல மரியாதையாகச் சிரிப்பார்.

தம்பி டேனியலும் நானும் தேடாத இடமில்லை. ஆம்பூர் ரயில் நிலையம், பள்ளிகொண்டா கோயில் வாசல், வேலூர் மருத்துவமனைகள். படம் போட்ட நோட்டீஸ் அடித்து, பேருந்து நிலையங்களிலும் தோல் தொழிற்சாலை மதில்களிலும் ஒட்டினோம். ஒரு டீக்கடைக்காரர் நோட்டீஸைப் படித்துவிட்டு, "பெரியவர இப்டி உட்டுட்டு ஊட்ல இன்னாம்மா பண்ணினு இருந்தீங்க?" என்றார். நான் பசை வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மதிலுக்குப் போனேன்.

இரண்டாவது திங்கட்கிழமை, வேலூரில் ஒரு பிணவறையில் துணியை விலக்கிக் காட்டினார்கள். அது அப்பா இல்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, யாரோ ஒரு முதியவர் அப்பாவாக இல்லாததற்காக நன்றி சொன்னேன். அப்போதே என் ஜெபம் சுருங்கத் தொடங்கிவிட்டது. முதல் நாள், ஆண்டவரே அப்பாவைச் சுகமாகக் கொண்டு வாரும் என்று கேட்டேன். பிறகு, உயிரோடு இருந்தால் போதும் என்றேன். அந்தப் புதன்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எல்லாரும் எனக்காக முழங்காலில் நின்றபோது, நான் மனதுக்குள் கேட்டது வேறு. உடலாவது கிடைக்கட்டும், புதைக்க ஓர் இடம் இருக்கட்டும் என்று கேட்டேன்.

மறுநாள், வியாழன், மதியம் ஒரு காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. தம்பியும் நானும் ஓடினோம்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்திருந்தது. கட்டம் போட்ட லுங்கியை முன்பக்கம் முடிந்து கட்டியிருந்தார். இரு கன்னங்களிலும் சந்தனம் போல ஏதோ பூசியிருந்தது. மடியில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்துப் பார்த்தேன். பொரியும் வெல்லமும். யாரோ வழிக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா என் தலையைத் தட்டிக் கொடுத்தார், அடுத்த வீட்டுக் குழந்தையைத் தட்டுவதுபோல.

பிறகுதான் சுவரோரம் தரையில் இருந்தவரைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். சட்டை கிழிந்திருந்தது. உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது.

"பஸ்ல பெரியவர இஸ்துனு வந்துருக்கான்" என்றார் காவலர். "எங்க கூட்டினு போறேன்னு ஜனங்க கேட்டா முழிச்சிருக்கான். ஆள் கடத்துறவன்னு ரெண்டு போட்டுப் புட்ச்சினு வந்தாங்க."

அந்த மனிதரின் பையில் நாங்கள் ஒட்டிய நோட்டீஸ் நான்காக மடித்து இருந்தது. மதிலிலிருந்து கிழியாமல் உரித்த நோட்டீஸ்.

"சார், எங்க ஊட்டுக்குத்தான் கூட்டினு வந்துருக்காரு. அட்ரஸ் அதுலயே கீது" என்றான் தம்பி.

"அது தெரிஞ்சிதுப்பா. கடத்தல் இல்ல. ஆனா பர்மாக்காரன். அகதி அட்டை தேதி முடிஞ்சி போச்சி. நாங்க இன்னா பண்றது?"

நான் கெஞ்சினேன். அப்பாவுக்குச் சவரம் செய்தவர், சோறு போட்டவர் என்றேன். காவலர் கோபப்படவில்லை. களைத்த குரலில் சொன்னார்: "உங்க கேஸு முடிஞ்சிதும்மா. ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டுப் பெரியவர கூட்டினு போங்க. அவன் கேஸு வேற."

அப்பா எழுந்து, தரையில் இருந்தவரைப் பார்த்து, 'எய்ன் ப்யன் மே' என்றார். அந்த மனிதர் அதே மொழியில் ஏதோ பதில் சொன்னார். அப்பா தலையாட்டிவிட்டு என்னோடு நடந்து வந்தார். வெகு நாளாக என் பேச்சுக்கு அவர் அப்படித் தலையாட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தோம். சபை முழுவதும் கை தட்டியது. நான் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அன்று மதியமே, போலீசார் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு, ரொட்டியும் பழமும் வாங்கிப் பேரணாம்பட்டுப் பேருந்தில் ஏறினேன்.

ஒரு காலத்தில் தோல் பதனிட்டு, இப்போது மூடிப்போன தோல் ஷாப் அது. கூரை போன இடங்களில் தார்ப்பாய். ரோஹிங்கியா குடும்பங்கள் சில அதைச் சேலைகளால் தடுத்துத் தடுத்து வீடாக்கியிருந்தன. மழைத்தண்ணீர் புகாமலிருக்கச் செங்கல்மேல் பலகை போட்டு, அதன்மேல் படுக்கை. தார்ப்பாய் மேலே பாகற்கொடி ஓடியிருந்தது. கொடிக்கயிற்றில் கருவாடு. ஒரு மூலையில் பெண்கள் ஷூ மேல்தோலில் துருத்தி நிற்கும் நூலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கூலிக்கு எடுத்து வந்த வேலை. பிள்ளைகள் சிலர் தாயிடம் எழுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவை அழைத்து வந்தவர் பெயர் ரஃபீக். அவர் மனைவி பெயர் செனுவாரா. மடியில் பெண் குழந்தை. நான் யாரென்று சொன்னதும் அவள் முதலில் கேட்டது, "நானா சாப்ட்டாரா?"

நானா என்றால் அவர்கள் பேச்சில் தாத்தா; ஆபா என்றால் அக்கா.

பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "உங்கப்பா ரொம்ப பேஜார் மனுசன், ஆபா. கருவாடு இல்லாம சோறு துன்ன மாட்டாரு. எங்க புள்ளைங்க பங்கயும் அவரே துன்னுட்டாரு."

எங்கள் வீட்டில் அப்பா வயிறாரச் சாப்பிடுவதை நிறுத்திப் பல மாதமாகியிருந்தது.

ஏன் அன்றைக்கே யாரிடமும் சொல்லவில்லை என்று செனுவாராவைக் கேட்டேன். குற்றமாகக் கேட்கவில்லை. அவளுக்கும் அது தெரிந்தது.

"மழையில நனைஞ்சினு ரோட்ல நின்னாரு ஆபா. எங்க ஊட்டுக்காரரு எந்த ஊருன்னு கேட்டா, பர்மா பேச்சு பேசுறாரு. எங்க ஆளுன்னு நெனைச்சோம். காயிதம் இல்லாத ஆளுன்னு. வெளியில சொன்னா புடிச்சினு போய்டுவாங்கன்னு பயம்."

இதுதான் நடந்தது. அவர்கள் என் அப்பாவை எங்களிடமிருந்து மறைக்கவில்லை. தங்களைப் பிடிக்க வருகிறவர்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தார்கள். ஒருநாள் அதிகாரிகள் கணக்கெடுக்க வந்தபோது, தோல் ஊறவைக்கும் பழைய சுண்ணாம்புத் தொட்டிக்குள் ரஃபீக் அப்பாவோடு இறங்கி உட்கார்ந்தாராம். மேலே பலகையை இழுத்து மூடியவள் செனுவாரா. தொட்டி காய்ந்து எத்தனையோ காலமாயிற்று. இருட்டில் அப்பா பயந்து குரல் எழுப்பப் போனாராம். இது கப்பல், சத்தம் போடாதீங்க, கரை வரப்போகுது என்று ரஃபீக் காதில் சொல்ல, அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அமைதியாகிவிட்டாராம். ரஃபீக் மனதில் இருந்தது அவர் தப்பி வந்த படகு. அப்பா நினைத்த கப்பல் அப்பாவின் கப்பல்.

"அப்பறம் எங்க ஊட்டுக்காரரு செவுத்துல போட்டோ பாத்தாரு. தமிழு படிக்கத் தெரியாது. டீக்கடையில அட்ரஸ் மட்டும் கேட்டுனு வந்தாரு. அன்னிக்கி ராத்திரி இவரு சோறு துன்னல. நானாக்கு ஊடு கீது, புள்ளைங்க அழுவாங்கன்னாரு."

"போன் பண்ணியிருக்கலாமேம்மா?"

"இத்தினி நாளு ஏன் வெச்சினு இருந்தேன்னு கேப்பாங்களே, ஆபா. வாசல்ல உட்டுட்டு மூஞ்சி காட்டாம வந்துர்றேன்னாரு."

அவள் அழவில்லை. நூல் வெட்டும் கத்திரியைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, எனக்கு டீ போட எழுந்தாள். மாலைகளில் அப்பா வீட்டுக்குப் போகிறேன் என்று நிற்கும்போதெல்லாம், சேர்ந்து போலாம் என்று ரஃபீக் பதில் சொல்வாராம். காவல் நிலையத்தில் அவர் சொன்னதும் அதுவாக இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து, அப்பாவின் குடும்பம் கப்பலை விட்டு இறங்கியபோது அரசு கொடுத்த அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தேன். தாத்தா, ஆயா, அப்பா மூவரும் விறைத்து நிற்கும் படம். அந்த அட்டை காட்டித்தான் மனை கிடைத்தது, பள்ளியில் இடம் கிடைத்தது. நான் நூலகத்தில் வேலை பார்ப்பதும், உட்கார்ந்து இதை எழுதுவதும் அதன் நீட்சிதான். அதைத் தொட்டுக்கொண்டே ஜெபிக்க முயன்றேன். பிறகு அதை என் நாட்குறிப்புக்குள் வைத்தேன்.

அன்பானவர்களே, நான் கேட்டதைவிட அதிகமாக ஆண்டவர் தந்தார். உடலைக் கேட்டேன். உயிரோடு, சவரம் செய்து, வயிறு நிறைந்து, மடியில் வெல்லத்தோடு அப்பாவைத் தந்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பதில் ஒரு மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. அவர் இன்னும் தன் வீட்டுக்குப் போகவில்லை. இதைச் சொல்லாமல் சாட்சியைப் பாதியில் முடித்தால் அது பொய்ச்சாட்சி.

இப்போது வியாழக்கிழமைதோறும் அப்பாவை அழைத்துக்கொண்டு அங்கே போகிறேன். கருவாடும் சோறும் சாப்பிடுகிறார். செனுவாரா அவர் கன்னத்தில் பர்மாவில் பூசுகிற அந்த மரப்பட்டை விழுதைப் பூசி விடுகிறாள். பிள்ளைகளுக்கு நான் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு வழக்கறிஞர் மனு எழுதித் தந்திருக்கிறார். ரஃபீக்கை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இன்றுவரை எழுத்தில் பதில் வரவில்லை. நம்பிக்கையோடு கேளுங்கள், ஆண்டவர் செவிகொடுக்கிறார். இதை என் வாழ்க்கையில் கண்டேன். உங்கள் வீட்டுக்கு வந்த பதிலை யார் சுமந்து வந்தார் என்றும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அந்தப் பெயரையும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அது ரஃபீக்.

போன வாரம் ஒருவர் ஒரு செய்தி சொன்னார். வேறொரு மாவட்டத்தில் வெளிநாட்டவரை வைத்திருக்கும் முகாமில் சாப்பாடு இறக்கப் போன லாரி ஓட்டுநர் அவரிடம் சொன்னதாம். அங்கே ஒருவர், தமிழ் பேசுகிற யார் வந்தாலும் கம்பிக்கருகே வந்து, "ஆம்பூர் நானா நல்லா கீறாரா?" என்று கேட்கிறாராம். அந்த ஓட்டுநரை நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்டவர் ரஃபீக்தானா என்பது உறுதியாகவில்லை. செனுவாராவிடமும் அப்படியே, உறுதியில்லை என்று சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன்.