வைஸ் பிரின்சிபாலின் 'ஹோப்'

இன்று பாளையங்கோட்டையில், மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம்.

வைஸ் பிரின்சிபால் அவளுடைய கணக்குத் தாளைப் புரட்டினார். சிரித்த முகத்தோடு என்னிடம், "மேடம், ஐ ஹோப் ஷீ வில் ஃபெயில்" என்றார்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் காதருகே வந்து, "ஹோப்னா ஆசப்படுதது தானம்மா? நான் பெயிலாவணும்னு சார் ஆசப்படுதாரா?" என்றாள்.

அதையே அவரிடம் கேட்டேன்.

"நோ டமில் மேடம். ஐ ஹோப் மீன்ஸ் ஐ திங்க்" என்றார். இவர்தான் அவளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறார்.

நடந்துவிடக் கூடாதே என்று பயப்படுகிற காரியத்துக்கு யாராவது 'ஹோப்' போடுவார்களா? பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் அடுத்த பெற்றோரைக் கைகாட்டி அழைத்தார்.

சரி, அவருடைய இங்கிலீஷிலேயே பேசிவிடலாம் என்று எழுந்தேன்.

"சார், ஐ ஹோப் எ நியூ வைஸ் பிரின்சிபால் வில் கம் ஹியர்."

மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. மேசை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "யாரு மேடம் சொன்னா? கரஸ்பாண்டன்ட் எதும் சொன்னாரா?"

"யாரும் சொல்லல சார். நான் ஆசப்படுதேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வாசல் தாண்டியதும் சிரிக்க ஆரம்பித்தவள், பஸ் ஏறும்வரை நிறுத்தவில்லை.

அவளுக்குக் கணக்கு நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன். அவருக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கப் பாளையங்கோட்டைப் பக்கம் நல்ல ஆள் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.