ஏசி இல்லாத ஏசி சலூன்

டிசம்பர் 3: முகக்கவசம் இல்லாவிட்டால் அபராதம் 200.
டிசம்பர் 9: அபராதம் 500.
டிசம்பர் 14: மறுபடியும் 200.
டிசம்பர் 18: பூங்காக்கள் மூடல். மீறி நுழைந்தால் 1,000.
டிசம்பர் 20: குளிர்சாதன வசதியுள்ள சலூன்கள் மூடல். மீறித் திறந்தால் 5,000, உரிமம் ரத்து.
டிசம்பர் 24: பூங்காக்கள் திறப்பு. சலூன்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

இவையெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. நீர் வழங்கல் அலுவலகத்தில் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன் நான். எதையும் தேதி போட்டு எழுதி வைத்துத்தான் பழக்கம். அந்தக் குளிர்காலத்தில் எழுதியதை இப்போது புரட்டினால், பெரும்பாலும் என் மருமகளின் பெயர்தான் வருகிறது. இது அவளைப் பற்றியது.

கடை முதலில் என் மகனுடையது. முக்கியச் சாலையில், வங்கிக்கும் பேக்கரிக்கும் நடுவில், இரண்டு நாற்காலி போட்ட சலூன். முதல் ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது, வீட்டில் சும்மா இருந்தவன் மனைவிக்கு முடி வெட்டச் சொல்லிக் கொடுத்தான். பழகுவதற்குக் கிடைத்த தலை என்னுடையது. முதல் நாள் முடிந்து கண்ணாடியைப் பார்த்தேன். இடது காது வலது காதைவிட ஓர் அங்குலம் மேலே ஏறிவிட்டதுபோல் இருந்தது. "மாமா, தலைய கொஞ்சம் சாச்சு வச்சுக்கிட்டா சரியாத்தான் இருக்கு" என்றாள். மகன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது மாதம் அவனைவிட வேகமாக வெட்டினாள்.

கடையைத் திறந்ததும் அவன் கடன் வாங்கி ஒரு ஏசி மாட்டினான். உரிமத்தையும் குளிர்சாதன வகைக்கு மாற்றினான். வாசல் பலகையில் 'குளிர்சாதன வசதி செய்யப்பட்டது' என்று தன் கையாலேயே நீல வண்ணத்தில் எழுதினான். ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் பனி உருகிச் சொட்டுவதுபோல் வரைந்திருந்தான். அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

இரண்டாவது அலையில் அவன் போய்விட்டான். மருத்துவமனையில் அவனைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் மருமகளிடம் ஒன்றுதான் சொன்னார்: "இது காத்துல பரவுதும்மா. மூடின ரூம்ல இருக்காதீங்க, ஜன்னலத் திறந்து வைங்க." கடையை மறுபடி திறப்பதற்கு முன் அவள் செய்த முதல் காரியம், ஏசியைக் கழற்றி விற்றது. கழற்ற வந்த மெக்கானிக்குக்குக் கை வரவில்லை.

"வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலயேக்கா. பொட்டி புதுசா இருக்கு."

"பொட்டி புதுசுதான் தம்பி. கழட்டு."

ஏசி இருந்த ஓட்டையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றைப் பொருத்தினாள். இரண்டு ஜன்னல்களும் எப்போதும் திறந்தே இருக்கும். பலகையை மட்டும் தொடவில்லை. வாடிக்கையாளர்கள் கேலி செய்தார்கள். காசு கொடுத்து வியர்க்க வேண்டுமா என்றார்கள். 'ஜன்னல் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் வந்தார்கள்.

நவம்பர் கடைசியில் புது வகை வைரஸ் என்ற செய்தி வந்தது. டிசம்பரில் உத்தரவுகள் வர ஆரம்பித்தன. கடையில் அதைத் தவிர வேறு பேச்சில்லை.

"என் பஸ்ல எழுபது பேர ஏத்திக்கிட்டு வர்றேன்" என்பார் வாரம் தவறாமல் சவரத்துக்கு வரும் பஸ் டிரைவர். "அங்க அது வராதாம். பூங்காவுல ஒத்தையா நடந்தா வருமாம்."

"ராத்திரி பத்து மணிக்கு மேல வெளிய போகக் கூடாதுங்கிறாங்க" என்பார் பக்கத்து பேக்கரிக்காரர். "அதுக்கு நைட் டியூட்டி போட்டிருக்காங்க போல."

"இவங்க இன்னிக்குச் சொல்றது நாளைக்கு இல்ல" என்றான் அதே ஏசி மெக்கானிக், சோப்பு நுரைக்குள்ளிருந்து. "எல்லாமே பொய்க்கா. வைரஸும் பொய், ஊசியும் பொய்."

மருமகள் அவன் கன்னத்திலிருந்து கத்தியை எடுத்துவிட்டாள்.

"தம்பி, எங்க வீட்டுக்காரரு செத்தது பொய்யா?"

அவன் பாதி நுரையோடு கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"வைரஸ நான் நம்புறேன். ஊசியும் போட்டுக்கிட்டேன். இவங்க ஆர்டரத்தான் நம்ப முடியல. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காத. தலைய நிமித்து" என்று சொல்லிவிட்டு மறு கன்னத்தைச் சவரம் செய்தாள்.

டிசம்பர் 21 காலை சுகாதார ஆய்வாளர் வந்தார். கையில் பட்டியல், பின்னால் பூட்டும் அரக்கும் வைத்திருந்த ஒரு சிப்பந்தி. ஆய்வாளர் உள்ளே வந்து நின்றதும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேர்க்குதா சார்?" என்றாள் மருமகள்.

"ஆமா, இங்க ஏசி..."

"இல்ல சார். அதத்தான் சொல்றேன்."

அவர் பட்டியலைப் பார்த்தார். "உரிமத்துல ஏசி சலூன்னு இருக்கே மேடம்."

"சுவத்துல ஓட்டை இருக்கே சார். அதுல விசிறிதான் சுத்துது. ஜன்னல்கிட்ட நின்னு பாருங்க, பேக்கரி புகையே உள்ள வரும்."

"எனக்குக் கண்ணு தெரியாமலா இருக்கு? லிஸ்ட்ல இருக்குற கடைய மூடணும். ஓட்டையப் பாத்துட்டு வான்னு யாரும் சொல்லல. வெளிய போர்டு வேற போட்டிருக்கீங்க. ஏசியக் கழட்டினா ஆபீஸுக்குச் சொல்லியிருக்கணும்."

"பக்கத்துல பேங்க்ல கண்ணாடிக் கதவச் சாத்திட்டு நாப்பது பேர் உக்காந்திருக்காங்க. அது?"

"அது வேற லிஸ்ட் மேடம்."

பூட்டி அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அன்று மாலை அவள் ஏணி போட்டு ஏறி, அந்தப் பலகையைத் தானே கழற்றினாள். நான் கீழே நின்று வாங்கிக்கொண்டேன். சேலைத் தலைப்பால் துடைத்து, வீட்டில் பீரோவுக்குப் பின்னால் வைத்தாள்.

சிக்கல் பூட்டு மட்டுமல்ல. உரிமம் ஜனவரி 31-ஆம் தேதியோடு முடிகிறது. கடை நடந்துகொண்டிருப்பதை ஆய்வாளர் பார்த்து எழுதினால்தான் புதுப்பிப்பார்கள். புது உரிமம் கொடுப்பதையோ மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தத் தேதிக்குள் கடை திறக்காவிட்டால், கடை கிடையாது. எங்கள் வீட்டில் வேறு வருமானம் என்று பார்த்தால் என் ஓய்வூதியம்தான்.

உரிம வகையை மாற்ற நாங்கள் இருவரும் நகராட்சி அலுவலகம் போனோம். தொழில் உரிமப் பிரிவின் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது: 'புதிய வகைத் தொற்று காரணமாக விண்ணப்பங்கள் நேரில் பெறப்பட மாட்டாது. பெட்டியில் இடவும்.' பெட்டி நிரம்பி, வாயில் நாலு விண்ணப்பங்கள் நாக்குபோல் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் அவற்றை உள்ளே அழுத்தி, தன்னுடையதையும் அழுத்தினாள்.

ஜனவரி 7-ஆம் தேதி பதில் வந்தது. வகை மாற்றத்துக்குக் கடையை நேரில் ஆய்வு செய்ய வேண்டும். மூடப்பட்ட கடைகளில் தற்போது ஆய்வு நடைபெறாது. அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். "மாமா, நீங்க ஆபீஸ்ல இருந்தவரு. இது என்ன சொல்லுது?"

"ஏசி இல்லன்னு பாக்கணும்னா கடை திறந்திருக்கணும். கடை திறக்கணும்னா ஏசி இல்லன்னு பாத்திருக்கணும்."

"அப்ப எனக்குப் புரிஞ்சது சரிதான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து வெட்டச் சொல்லிப் பலர் கேட்டார்கள். பஸ் டிரைவர் தலை காடாகிவிட்டது. "யாருக்குத் தெரியப் போவுது தங்கச்சி?" என்றார். அவள் மறுத்துவிட்டாள். "ஒருத்தன் போட்டுக் குடுத்தாப் போதும்ணே, உரிமம் போச்சு. ஜெயிக்கணும்னா என் பக்கம் ஒரு தப்பும் இருக்கக் கூடாது." காலையில் பேக்கரியில் ரொட்டி உறை போடும் வேலைக்குப் போனாள். மதியம் அலுவலகத்துக்கு நடந்தாள். வாசலில் அவளைப் பார்த்ததும் காவலாளியே "பெட்டி அங்க இருக்கு" என்று சொல்லப் பழகிவிட்டார்.

ஜனவரி 19, புதன்கிழமை, மாலை நான்கு மணிக்கு அலுவலகப் பெரிய அரங்கில் கூட்டம் என்று அறிவித்தார்கள். 'புதிய தொற்று: பொதுமக்களின் சந்தேகங்களுக்கு விளக்கம்.' ஊரில் சந்தேகம் அவ்வளவு முற்றிப் போயிருந்தது. ஊசி முகாம்களில் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருந்தன.

அவள் தன் வாடிக்கையாளர்களை எல்லாம் கூப்பிட்டாள். பஸ் டிரைவர், பேக்கரிக்காரர், மெக்கானிக், ஒரு தச்சர், நான். நூற்றைம்பது பேருக்கு மேல் உள்ளே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. இரண்டு பெரிய ஏசிகள் உறுமிக்கொண்டிருந்தன. மேடையில் அந்த ஆய்வாளரும், புதிதாக மாற்றலாகி வந்திருந்த சுகாதார அலுவலரும் இருந்தார்கள். அலுவலர் ஒரு டாக்டரம்மா.

அவர் மைக்கைக் கையில் எடுப்பதற்குள் மருமகள் எழுந்து, பக்கத்து ஜன்னலின் கொக்கியை இழுத்தாள். வண்ணம் பூசிப் பூசி அது ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு குமாஸ்தா ஓடி வந்தார்.

"ஏசி ஓடுதும்மா. ஜன்னலத் திறக்கக் கூடாது."

"ஓடுதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"ஓடுதே, சத்தம் கேக்கல?"

அவள் மேடையைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "மேடம், என் சலூன்ல ஏசி இருக்குன்னு பூட்டி வச்சிருக்கீங்க. அங்க ஏசி இருந்த எடத்துல ஓட்டைதான் இருக்கு. இங்க நிஜமாவே ரெண்டு ஓடுது. ஆளும் நெறைய இருக்கு. ஆர்டர்படி இப்ப யாரு வந்து இந்த ரூமப் பூட்டணும்?"

அரங்கு சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி வீறிட்டது. ஆய்வாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள்களும் குலுங்கின. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார், ஒவ்வொரு ஜன்னலாக.

"அவங்க கேக்குறது சரி" என்றார். "முதல்ல எல்லாத்தையும் திறங்க."

திறப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தச்சர் இடுப்பிலிருந்து உளியை எடுத்தார். மெக்கானிக் ஒரு பக்கம் முட்டினான். ஒவ்வொரு ஜன்னலும் சடசடவென்று பிளந்து திறக்கத் திறக்க ஆட்கள் கை தட்டினார்கள். காற்று வந்து மேடையிலிருந்த காகிதங்களை வாரிக்கொண்டு போனது. குமாஸ்தா அவற்றின் பின்னால் ஓடினார். "விடுங்க சார்" என்றார் பஸ் டிரைவர். "நாளைக்கு எப்படியும் மாத்தப் போறீங்க."

அதன் பிறகு கூட்டம் உண்மையான கூட்டமாக நடந்தது. பூங்காவை ஏன் மூடினீர்கள், ஏன் திறந்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். டாக்டரம்மா சொன்னார்: "மூடினது தப்பு. இந்தப் புது வகை எவ்வளவு வேகமாப் பரவும், எவ்வளவு கெடுக்கும்னு அப்ப யாருக்கும் தெரியல. இப்பவும் முழுசாத் தெரியாது. தெரியலன்னு உங்ககிட்ட நாங்க சொல்லல, அது அதைவிடத் தப்பு. ஊசி போட்டுக்கிட்டா ஆபத்து குறையுது, காத்தோட்டம் இருந்தாப் பரவுறது குறையுது. இது ரெண்டும் தெரியும்."

மெக்கானிக் என் காதருகே குனிந்தான். "பெரியவரே, தெரியலன்னு ஒரு ஆபீசர் வாயால இன்னிக்குத்தான் கேக்குறேன்." மறுநாள் முகாமில் அவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றதைப் பேக்கரிக்காரர் வந்து சொன்னார்.

மருமகள் உட்காரவில்லை. "அப்ப என் கடை மேடம்? முப்பத்தொண்ணாந் தேதி உரிமம் முடியுது."

"நாளைக்குக் காலையில நானே வர்றேன்."

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுக்கு" என்றார் டாக்டரம்மா. இப்போதுதான் அவர் சிரித்தார்.

ஒன்பதுக்கு ஆய்வாளரோடு வந்தார். பூட்டைத் திறந்து உள்ளே போனதும் நேராகச் சுவரருகே சென்று, விசிறியை ஓடச் சொல்லி, அதற்கு நேரே ஒரு காகிதத் துண்டைப் பிடித்தார். காகிதம் அவர் விரலை விட்டுப் போய் விசிறிக் கம்பியில் ஒட்டிக்கொண்டது. ஆய்வாளரிடம் திரும்பி, "இந்த மாதிரி இன்னும் எத்தனை கடைய லிஸ்டப் பாத்துப் பூட்டியிருக்கோம்?" என்று கேட்டார். பதினொன்று என்றார் அவர். உத்தரவு மாறும்வரை என்று சொல்லிக் கடையை மறுபடி பூட்டி அரக்கு வைத்தார்கள்.

ஜனவரி 22-ஆம் தேதி உத்தரவு மாறியது. உரிமத்தில் என்ன எழுதியிருந்தாலும் கடையை நேரில் பார்த்த பிறகே மூட வேண்டும். ஜன்னல் திறந்து காற்று போய் வரும் கடைகள் எல்லாம் திறக்கலாம். மாறியதற்குக் காரணமும் இரண்டு வரியில் எழுதியிருந்தது. அப்படிக் காரணத்தோடு வந்த முதல் உத்தரவு அதுதான்.

அன்று மதியம் அரக்கை உடைக்க அதே ஆய்வாளர் வந்தார். வாசலில் பேக்கரி வரை வரிசை நின்றது. மற்ற சலூன்காரர்கள் சிலரும் தங்கள் பூட்டைத் திறந்த கையோடு வந்திருந்தார்கள். ஒருவர் அவளுக்குப் புதுக் கத்தரி ஒன்று கொண்டுவந்தார். வரிசையில் முதல் ஆளாகப் பஸ் டிரைவர், காட்டு மனிதன்போல் நின்றார். ஆய்வாளர் தயங்கித் தயங்கித் தன் பின்கழுத்தைத் தடவினார்.

"எனக்கும் ஒரு மாசமா வெட்டல மேடம்."

"ஏன் சார்? ஊர்ல சலூனே இல்லயா?"

வரிசை முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார்.

"பின்னாடி நில்லுங்க சார். இது வேற லிஸ்ட்" என்றாள் மருமகள்.

அவர் போய்க் கடைசியில் நின்றார். இருட்டும் நேரத்தில் அவர் முறை வந்தது. நன்றாகத்தான் வெட்டி அனுப்பினாள். திங்கட்கிழமை அவர் கடைக்கு வந்து, கடை நடக்கிறது, ஏசி இல்லை, காற்றோட்டம் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகும் அவள் நிம்மதியாக இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் கத்தரி ஒரு கணம் நின்று பிறகு ஓடும். வகையை மாற்றி, உரிமத்தைப் புதுப்பித்ததாகச் சொல்லும் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது ஜனவரி 28, வெள்ளிக்கிழமை.